மூன்று நிமிடத்தில் ஓர் ஊர்

கேமராவைக் கண்டதும் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஓடி வந்துவிட்டார்கள். முன்னால் நிற்பவனைப் பின்னால் இருப்பவன் தள்ளுகிறான். தள்ளுப்பட்டவன் கூட்டத்துக்குள் புகுந்து வேறொரு பக்கம் தலையை நீட்டுகிறான். கேமரா பக்கவாட்டில் திரும்பினால் கூட்டமும் கூடவே நகர்கிறது. பெரியவர்கள் கௌரவமாகப் பின்னால் நிற்கிறார்கள். ஆனால் அவர்களுக்கும் அந்த இடத்தைவிட்டு நகர மனமில்லை. கல்யாண வீடியோக்காரர் லைட்டைத் தூக்கிப் பிடித்ததும் பந்திப் பக்கமிருந்து ஓடி வந்து நிற்போமே, அதே முண்டியடிப்புதான்.

இடம் போலந்து. வார்சாவுக்கு வடக்கே சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நாசியெல்ஸ்க் என்ற சிறிய ஊர். 1938 ஆகஸ்ட். கேமராவைப் பிடித்திருப்பவர் டேவிட் குர்ட்ஸ். இந்த ஊரில் பிறந்து, சின்ன வயதிலேயே அமெரிக்கா போய், நியூயார்க்கில் வசதியாக வாழ்ந்தவர். மனைவியோடும் நண்பர்களோடும் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவர், பிறந்த ஊரையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார். கையில் 16 எம்.எம். கேமரா. கொஞ்சம் கறுப்பு வெள்ளை, கொஞ்சம் கோடாக்ரோம் கலர். பயணம் முழுக்க அவர் எடுத்தது 14 நிமிடம். அதில் இந்த ஊருக்குக் கிடைத்தது மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகம். பாரிஸை எடுத்த மாதிரி, சுவிட்சர்லாந்தை எடுத்த மாதிரி இதையும் எடுத்தார், அவ்வளவுதான்.

பதின்மூன்று மாதத்தில் ஜெர்மன் படை போலந்துக்குள் நுழைந்தது. ஊரில் சுமார் 7,000 பேர் இருந்தார்கள். அவர்களில் 3,000 பேர் யூதர்கள். 1939 டிசம்பர் 3 அன்று அவர்களை ஊரைவிட்டே துரத்தினார்கள். போர் முடிந்தபோது அந்த 3,000 பேரில் உயிரோடு மிஞ்சியவர்கள் 100 பேருக்கும் குறைவு.

அந்தச் சுருள் ஃப்ளோரிடாவில் ஒரு வீட்டு அலமாரிக்குள் கிடந்தது. 2009ல் டேவிடின் பேரன் கிளென் குர்ட்ஸ் அதைத் தேடி எடுத்தபோது ஃபிலிம் சுருங்கி, ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தது. வாஷிங்டனில் உள்ள ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகத்திடம் கொடுத்தார். அவர்கள்தான் அதைப் பக்குவமாகப் பிரித்து மீட்டார்கள். இதில் எந்த ஊர் தெரிகிறது என்பதே முதலில் கிளெனுக்குத் தெரியாது. பாட்டி பிறந்த ஊர் என்று நினைத்துக்கொண்டிருந்தார். தாத்தா பிறந்த ஊர் என்று தெரியவே பல பேரிடம் காட்டிக் கேட்க வேண்டியிருந்தது. அந்தத் தேடலை அவர் 2014ல் புத்தகமாகவும் எழுதினார்.

அருங்காட்சியகம் இந்தக் காட்சியை இணையத்தில் போட்டது. அமெரிக்காவில் ஒரு பெண் தற்செயலாக அதைப் பார்க்கிறார். கூட்டத்தில் ஒரு பையன் சிரிக்கிறான். எங்கள் தாத்தா மாதிரி இருக்கிறதே என்று அவருக்குத் தட்டுகிறது. தாத்தாவேதான். எண்பதைத் தாண்டி அவர் உயிரோடு இருந்தார். பெற்றோர், உடன்பிறந்தவர்கள் எல்லோரையும் பறிகொடுத்து, தப்பிப் பிழைத்து வந்து, அமெரிக்காவில் வேறு பெயரில் வாழ்ந்து கொண்டிருந்தவர். எழுபது வருடத்துக்கு முந்தைய தன் முகத்தை அவர் பார்த்தார். பக்கத்தில் நின்ற பையன்களின் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார்.

நெதர்லாந்தைச் சேர்ந்த பியாங்கா ஸ்டிக்டர் இந்த மூன்று நிமிடத்தை 69 நிமிடப் படமாக்கினார். 2021ல் வெனிஸ் விழாவில் திரையிடப்பட்ட அந்தப் படத்தின் பெயர் ‘த்ரீ மினிட்ஸ்: எ லென்த்தனிங்’. நீட்டித்தல் என்று அவர் பெயர் வைத்தது நூற்றுக்கு நூறு பொருத்தம். படம் முழுக்க நாம் பார்ப்பது அந்தச் சுருளில் இருப்பதைத்தான். இன்றைய நாசியெல்ஸ்க் தெரு கிடையாது, நாற்காலியில் உட்கார்ந்து பேட்டி கொடுக்கும் பேராசிரியர் கிடையாது. அந்தத் தாத்தாகூட குரலாகத்தான் வருகிறார். ஸ்டிக்டர் படத்தை ஓட்டுகிறார், நிறுத்துகிறார், பின்னோக்கி ஓட்டுகிறார், ஒரு மூலையைப் பெரிதாக்குகிறார்.

கேட்டால் அலுப்பாகத் தோன்றும். பார்த்தால் அப்படியில்லை. ஒரு கடைவாசல் வருகிறது. கதவுக்கு மேலே பெயர்ப்பலகை, எழுத்தெல்லாம் கலங்கிக் கிடக்கிறது. போலந்துக்கார ஆய்வாளர் ஒருவர் அதை எழுத்தெழுத்தாகத் துருவுகிறார். முதலில் அது மளிகைக் கடை என்று தெரிகிறது. அப்புறம் கடைக்காரரின் பெயர். மங்கிய கோடுகள் எந்தெந்த எழுத்தாக இருக்கலாம், இந்த ஊரில் அந்தக் காலத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர்கள் யார் யார் என்று பழைய பதிவுகளோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு, கடைசியில் ஒரு பெயரைப் பிடிக்கிறார். வாசலில் நிற்கும் பெண்தான் அந்தக் கடைக்காரியா? அதைச் சொல்ல ஆளில்லை.

தொப்பியைப் பார்த்தே, பிழைத்து வந்த அந்தத் தாத்தா ஆளை எடைபோடுகிறார். எந்தப் பையன் வசதியான வீடு, எந்தப் பையன் மதப் பாடசாலை, எல்லாம் தொப்பி சொல்லிவிடுகிறது. செருப்பை வைத்து ஆளை அளந்த ஊர்க்காரர்கள் நாம், நமக்கு இது புரியும். அப்புறம் சட்டைப் பொத்தான். அந்த ஊரில் பொத்தான் தொழிற்சாலை ஒன்று இருந்திருக்கிறது. அது தெரிந்த பிறகு யார் சட்டையைப் பார்த்தாலும் கண் பொத்தானுக்குப் போகிறது. யூதர்களின் ஜெபக்கூடக் கதவில் செதுக்கிய சிங்கம் ஒன்று. சதுக்கத்தில் நிற்கும் மரத்தின் இலையைப் பார்த்து அது என்ன மரம் என்றுகூட விசாரிக்கிறார்கள். சுமார் 150 முகங்களைத் தனித்தனியே வெட்டி எடுத்து வரிசையாகத் திரையில் அடுக்குகிறார் ஸ்டிக்டர். அவற்றில் பெயர் தெரிந்தவை ஒரு சிலதான்.

1939 டிசம்பரில் நடந்ததை எடுத்த ஃபிலிம் எதுவும் கையில் இல்லை. வேறு இயக்குநராக இருந்தால் வேறெங்கோ, வேறு யாரையோ விரட்டிய காட்சியைக் கொண்டுவந்து ஒட்டியிருப்பார். ஸ்டிக்டர் 1938ல் எடுத்த அந்தச் சதுக்கத்தையே காட்டுகிறார். ஒரு குரல், அன்று அங்கே நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்கிறது. கூட்டிவந்தது, அடைத்து வைத்தது, அடித்தது எல்லாம். கேமரா மெல்ல மெல்ல உள்ளே போகிறது. கற்கள் புள்ளியாகி, புள்ளிகள் வெறும் சாம்பல் நிறமாகும் வரை போகிறது. குரூரத்தை இதைவிடக் கனமாகக் காட்டிய படத்தை நான் பார்த்ததில்லை.

ஒரு வேடிக்கை. இந்தப் படத்தைத் தயாரித்தவர்களில் ஸ்டிக்டரின் கணவர் ஸ்டீவ் மெக்வீனும் ஒருவர். 2023ல் ஸ்டிக்டரின் புத்தகத்தை வைத்து அவர் ‘ஆக்குபைட் சிட்டி’ எடுத்தார். நாஜிகள் பிடியில் இருந்த ஆம்ஸ்டர்டாம் பற்றி நான்கு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படம். அதில் ஓர் அடி பழைய ஃபிலிம்கூடக் கிடையாது. ஒரே வீட்டில் ஒருவர் பழைய சுருளைத் தவிர வேறொன்றையும் தொடமாட்டேன் என்கிறார், இன்னொருவர் அதை மட்டும் தொடவே மாட்டேன் என்கிறார். சாப்பாட்டு மேஜையில் என்ன பேசிக்கொள்வார்களோ!

நம் சினிமாக்காரர்கள் ஸ்டாக் ஷாட் என்பார்கள். கடல் அலை வேண்டுமா, ரயில் போக வேண்டுமா, எவரோ எப்போதோ எடுத்ததை எடுத்து நடுவில் போட்டுக்கொள்வது. தொலைக்காட்சி ஆவணப்படங்களில் பாதிக்கு மேல் வரலாறும் ஸ்டாக் ஷாட்தான். போர் என்று குரல் சொன்னால் பூட்ஸ் கால்கள் நடக்கும், பஞ்சம் என்றால் எலும்பும் தோலுமாய் ஒரு குழந்தை வரும். எந்த ஊர், எந்த வருடம், எடுத்தது யார் என்று கேட்கக் கூடாது. இப்படிக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதே போலந்தில் ஓர் உதாரணம் இருக்கிறது.

போர் முடிந்த பிறகு கிழக்கு ஜெர்மனியின் ஆவணக் காப்பகத்தில் ஒரு படம் அகப்பட்டது. டப்பாவில் ‘தாஸ் கெட்டோ’ என்று எழுதியிருந்தது. ஒலி இல்லை, எடுத்தவர் பெயர் இல்லை, சுமார் ஒரு மணி நேரம் ஓடும். 1942 மே மாதம் வார்சாவில் யூதர்களை அடைத்து வைத்திருந்த பகுதியில் நாஜிகளின் பிரசாரக் குழு எடுத்தது. தெருவில் பட்டினியில் செத்துக் கிடப்பவர்கள் ஒருபக்கம், விருந்து சாப்பிடும் பணக்கார யூதர்கள் மறுபக்கம். பல பத்தாண்டுகள் ஆவணப்படக்காரர்கள் இதிலிருந்து தேவையான துண்டை வெட்டிப் போட்டுக்கொண்டார்கள்.

1998ல் அமெரிக்காவின் ஒஹாயோவில் ஒரு விமானப்படைத் தளத்தில் இன்னும் இரண்டு டப்பாக்கள் கிடைத்தன. அரை மணி நேரத்துக்கு வெட்டுத் துண்டுகள். அதில் ரீடேக்குகள் இருந்தன. நன்றாக உடுத்திய பெண்கள் பிச்சைக்காரரைக் கண்டுகொள்ளாமல் கடந்து போகிறார்கள். வெட்டு. மறுபடி கடந்து போகிறார்கள். வெட்டு. ஓரத்தில் கேமராமேன் ஒருவர் தவறிப்போய்ச் சட்டகத்துக்குள் வந்துவிடுகிறார். பட்டினியும் பிணமும் நிஜம். பக்கத்திலேயே பணக்கார யூதன் ஈரமில்லாமல் திரிகிறான் என்று காட்டத்தான் ஆட்களைப் பிடித்துவந்து நடிக்க வைத்திருக்கிறார்கள்.

இஸ்ரேலைச் சேர்ந்த யாயெல் ஹெர்சோன்ஸ்கி 2010ல் எடுத்த ‘எ ஃபிலிம் அன்ஃபினிஷ்டு’ இந்தத் துண்டுகளை வரிசைப்படுத்திக் காட்டுகிறது. அங்கிருந்து பிழைத்த முதியவர்கள் சிலரை இருட்டான அரங்கில் தனித்தனியே உட்காரவைத்து முழுப் படத்தையும் போட்டுக் காட்டுகிறார். திரை வெளிச்சம் அவர்கள் முகத்தில் விழுகிறது. ஒருவர் கண்ணைப் பொத்திக்கொள்கிறார். தெரிந்தவர் யாராவது வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் ஒருவருக்கு. சாப்பாட்டு மேஜையில் பூச்சாடி வைத்த காட்சி வரும்போது ஒரு மூதாட்டிக்குப் பொறுக்கவில்லை. பூவா, கிடைத்திருந்தால் அதையும் தின்றிருப்போமே என்கிற பொருளில் வெடுக்கென்று பேசுகிறார். அறுபது வருடப் பொய் அந்த ஒரு பேச்சில் உடைந்தது. படம் எடுத்த அந்த 1942 மே மாதம் யூத கவுன்சிலின் தலைவராக இருந்த ஆடம் செர்னியாகோவ் தினமும் டைரி எழுதியவர். படக்குழு தன் அலுவலகத்துக்கே வந்து நாடகம் நடத்தியதையும் குறித்து வைத்திருக்கிறார். ஜூலை 22 அன்று ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு ஆட்களை ஏற்றத் தொடங்கினார்கள். மறுநாள் அவர் தற்கொலை செய்துகொண்டார்.

பழைய படத்தை அதை எடுத்தவருக்கு எதிராகவே திருப்பும் வித்தை ரஷ்யாவில் தொடங்கியது. எஸ்ஃபிர் ஷூப் என்ற பெண்மணி 60,000 மீட்டர் பழைய ஃபிலிமை உட்கார்ந்து பார்த்து, 1927ல் ஜார் வம்சத்தின் வீழ்ச்சியைப் படமாக்கினார். ஜார் தன் பெருமைக்காக எடுக்க வைத்த சுருள்களும் அதில் அடக்கம்.

நம்மிடம் ஏ.கே. செட்டியார் இருந்தார். 1937 அக்டோபர் 2 அன்று கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது காந்தியைப் பற்றிப் படம் எடுக்கும் யோசனை அவருக்கு வந்தது. ஒரு லட்சம் மைலுக்குமேல் அலைந்து, பல நாடுகளில் பலர் எடுத்து வைத்திருந்த காட்சிகளைக் கெஞ்சியும் விலைக்கும் வாங்கி, 50,000 அடி ஃபிலிம் சேர்த்தார். அதிலிருந்து 12,000 அடிப் படத்தை 1940ல் தமிழில் வெளியிட்டார். வரலாற்றாய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி பல வருடம் தேடி அமெரிக்காவில் கண்டெடுத்தது, பிற்பாடு அங்கே தயாரான ஆங்கில வடிவத்தை. ஊர் ஊராகப் போய் மற்றவர்களின் சுருளைத் தேடிச் சேர்த்தவரின் தமிழ்ச் சுருளை நம்மால் வைத்துக் காப்பாற்ற முடியவில்லை.

எங்கள் வீட்டில் அக்கா கல்யாண கேசட் ஒன்று இருக்கிறது. பூஞ்சை பிடிப்பதற்குள் போன வருடம் பென்டிரைவுக்கு மாற்றினோம். குடும்பமாக உட்கார்ந்து பார்த்தபோது பெரியம்மாதான் ஒவ்வொரு ஆளாகச் சொல்லிக்கொண்டு வந்தார். இது ராஜபாளையத்து அத்தை, இது வங்கியில் இருந்தாரே அவர், இந்தப் பையன் இப்போது துபாயில். பந்தியில் மூன்றாவது இலையில் ஓர் அம்மாள். மெரூன் பட்டு, ஒற்றைக் கல் மூக்குத்தி, கேமரா வந்ததும் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டுச் சிரிக்கிறார். நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். பெண் வீட்டிலும் தெரியவில்லை, மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பியும் கேட்டாயிற்று. “அடுத்த மண்டபத்துக்கு வந்தவளா இருக்கும்டா, விடு” என்றார் பெரியம்மா. அக்காவுக்கு அது சரியாகப் படவில்லை. ஒரு தடவை பின்னால் ஓட்டிக் காட்டச் சொன்னாள்.