மூன்று நிமிட மூலக்கூறும் நோயாளியின் கேள்வியும்

சில அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலியே பெப்டைடு. குடல், கணையம் முதலிய உறுப்புகளில் தோன்றும் நரம்பு நாளமில்லாச் சுரப்பிக் கட்டிகளின் செல்கள் பலவற்றில், சோமடோஸ்டேட்டின் என்னும் 14 அமினோ அமிலப் பெப்டைடைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் மிகுந்திருப்பினும், குருதியிலுள்ள நொதிகள் அதனை மூன்று நிமிடங்களுக்குள் பாதியாகக் குறைத்துவிடுவதால், இயற்கை வடிவில் அது இக்கட்டிகளுக்கு ஏற்ற மருந்தாக அமையவில்லை. சங்கிலியை எட்டாகக் குறுக்கி, நொதிகளின் வெட்டுக்கு இடங்கொடாத கண்ணாடிப் பிம்ப அமினோ அமிலங்களைச் சில இடங்களில் பொருத்தியதும் அக்கால அளவு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமாக நீண்டது, அதுவே ஆக்ட்ரியோடைடு. அதன் நெருங்கிய உறவான டோட்டாடேட்டில் லூட்டீசியம்-177 என்னும் கதிரியக்கத் தனிமத்தை ஏற்றிக் கட்டிக்கே அனுப்பும் சிகிச்சைக்கு அமெரிக்கா 2018இல் ஒப்புதல் அளித்தது. அத்தனிமம் இந்தியாவில் டிராம்பேயிலும் உற்பத்தியாகிறது.

கட்டிக்குள் எளிதில் நுழைய உதவும் அதே சிறுமை, பெப்டைடைச் சிறுநீரகத்திலும் வடியச் செய்து, அங்கேயே ஓரளவு தங்கவும் விடுகிறது. அதனைத் தணிக்கவே லைசின், ஆர்ஜினின் கரைசல் உடன் ஏற்றப்படுகிறது. ஆகவே அக்கரைசல் ஏற்றப்படுமா, இரத்த அணுக்களும் சிறுநீரகச் செயல்பாடும் எப்போது சோதிக்கப்படும், கருத்தடை எத்தனை மாதம் தேவை என்று கேட்பது மருத்துவரை ஐயுறுவதாகாது.

ஒப்புதல் பெறாத புதிய பெப்டைடு, சோதனை நிலையில் தரப்படுமாயின், 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகள் பொருந்தும். புரியும் மொழியில் விளக்கம் பெற்ற பின்னரே கையொப்பமிடவும், காரணம் கூறாமல் எப்போது வேண்டுமாயினும் விலகவும் நோயாளிக்கு உரிமையுண்டு. சோதனையால் விளைந்த பாதிப்புக்கு இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் கோரலாம். முதலில் நாட வேண்டியது அம்மருத்துவமனையின் நெறிமுறைக் குழு.

இதற்கு முற்றிலும் வேறான ஆபத்து, "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்ற சீட்டுடன் இணையத்தில் விற்கப்படும் குப்பிகளில் உள்ளது. பெப்டைடு என்ற பெயர் ஒப்புதலுக்குச் சான்றாகாது. புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. அத்தகைய மருந்தை ஏற்கெனவே செலுத்திக்கொண்டவர் அதனை மருத்துவரிடம் மறைக்காமல் கூறுவதுடன், குப்பி, தொகுதி எண், பணம் செலுத்திய ரசீது ஆகியவற்றை எறிந்துவிடாமல் வைத்திருந்து மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் முறையிடலாம். பக்கவிளைவுகளை 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம்.