சிறு குழந்தையுடன் சேர்ந்தாடும் வீடியோ விளையாட்டுக்கள்

கைபேசி நாட்டின் மூலைமுடுக்குகளிலும் புழங்கத் தொடங்கிய பின்னர், அங்கன்வாடிப் பணியாளரிடமும் ஆரம்பப் பள்ளி ஆசிரியரிடமும் பெற்றோர் கொண்டுவரும் வினாக்கள் மாறியுள்ளன. "குழந்தை திரையில் விளையாடலாமா?" என்பது பழைய வினா. "நானும் குழந்தையும் சேர்ந்து விளையாட எது ஏற்றது?" என்பது புதிய வினா. முன்னதற்கு விடை கூறுவது எளிது. பின்னதற்கு விடை கூற, விளையாட்டின் பெயரையும் படத்தையும் அறிந்திருந்தால் மட்டும் போதாது; அதன் விதிகள் எவ்வாறு இயங்குகின்றன என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

முதலில் கால அளவைக் கூறிவிடுதல் நலம். உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, 2 வயது நிரம்பாத குழந்தைக்குத் திரை வேண்டியதே இல்லை. 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு 1 மணி நேரத்திற்கு மேற்படலாகாது. அதனினும் குறைவாயின் மிக நன்று. இந்தியக் குழந்தைநல மருத்துவர் கழகத்தின் அறிவுரையும் ஏறக்குறைய இதுவே. பெரியவர் உடனிருந்து விளையாடுகிறார் என்பதனால் இவ்வரம்பு தளர்ந்துவிடுவதில்லை. ஆகவே, கீழே கூறப்படுவன 4 முதல் 7 வயது வரையுள்ள குழந்தைகளையே பெரும்பாலும் கருதியவை.

வீடியோ விளையாட்டு போட்டியாகவே பிறந்தது. 1958-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தில், காண வருவோரை மகிழ்விப்பதற்காக வில்லியம் ஹிகின்பாதம் என்ற பௌதிக விஞ்ஞானி ஒரு டென்னிஸ் ஆட்டத்தை அமைத்தார். அலைகாட்டிக் கருவியின் சிறிய வட்டத் திரையில் ஓர் ஒளிப்புள்ளி வலைக்கு மேலே அங்குமிங்கும் பறக்க, இருவர் எதிரெதிராக ஆடினர். 1972-இல் அட்டாரி கம்பெனி வெளியிட்ட 'பாங்' என்ற விளையாட்டும் இதே வகையைச் சேர்ந்தது. ஒருவர் வெல்ல மற்றவர் தோற்பது பெரியவர்களுக்குப் பொழுதுபோக்கு. ஐந்து வயதுக் குழந்தைக்கோ அது பெரும்பாலும் அழுகையில் முடியும். இதனைத் தவிர்க்க வேண்டுமென்றே தோற்றுக் கொடுக்கும் தந்தையரும் உளர். குழந்தை அதனை நெடுநாள் நம்புவதில்லை.

கூட்டுறவுக்கும் போட்டிக்கும் உள்ள வேறுபாட்டை மார்ட்டன் டாய்ச் என்ற மனோதத்துவ அறிஞர் 1949-இல் தெளிவாக வரையறுத்தார். ஒருவர் தம் குறிக்கோளை எய்துவது மற்றவரும் அதனை எய்தத் துணைசெய்யுமானால் அது கூட்டுறவு. ஒருவர் எய்துவதனாலேயே மற்றவர் எய்த இயலாமற் போகுமானால் அது போட்டி. இவ்வரையறையில் ஆடுவோரின் நற்குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லாம் விதியின் அமைப்பைப் பொறுத்தது.

திரையில்லாத ஒரு விளையாட்டைக் கொண்டு இதனை விளக்கலாம். ஜெர்மனியில் ஹாபா நிறுவனம் 1986-இல் வெளியிட்ட 'ஓப்ஸ்ட்கார்ட்டன்', அதாவது பழத்தோட்டம், என்ற பலகை ஆட்டத்தில் நான்கு மரங்கள் உள்ளன. குழந்தைகள் முறைவைத்துப் பகடையை உருட்டுவர். விழும் நிறத்திற்கு ஏற்ற மரத்திலிருந்து ஒரு பழத்தைப் பறித்துக் கூடையில் இடுவர். பகடையின் ஒரு முகத்தில் காகம் உண்டு. அது விழும்போதெல்லாம் காகத்தின் படத் துண்டுகளில் ஒன்றை எடுத்து வைத்துச் சேர்க்க வேண்டும். அப்படம் 9 துண்டுகளால் முழுமை பெறுவதற்குள் பழங்களையெல்லாம் பறித்துவிட்டால் அனைவரும் வென்றனர். இல்லையேல் காகம் வென்றது. எதிரி, தோட்டத்திற்கு வந்த காகமேயன்றி, அருகில் அமர்ந்திருக்கும் தம்பி அல்லன். பகடையும் வண்ண விதைகளும் காகிதமும் உள்ள எந்த வகுப்பறையிலும் இதனைச் செய்து ஆடிக் காட்டலாம்.

வீடியோ விளையாட்டுக்களுக்கு வருவோம். உறையின்மீது 'இருவர் சேர்ந்து ஆடுவது' என்று அச்சிட்டிருப்பதனால் மட்டும் அது இணக்கமான விளையாட்டாகிவிடாது. நின்டெண்டோ நிறுவனம் 2009-இல் வெளியிட்ட 'நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வீ' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நால்வர் ஒரே திரையில் ஒரே திசையில் ஓடுகின்றனர், இலக்கும் ஒன்றே. ஆனால் ஒருவர் உடல்மீது மற்றவர் உடல் மோதுமாறு விதி அமைந்திருந்தது. குறுகிய மேடையொன்றில் இருவர் குதித்தால் ஒருவர் பள்ளத்தில் விழுவார். ஒருவரை மற்றவர் தூக்கி எறியவும் முடியும். வளர்ந்தவர்களுக்கு இது நகைப்பு. குழந்தைக்கோ தன் தாயே தன்னைத் தள்ளிவிட்டாள் என்பதே தோன்றும். அதே வரிசையில் 2023-இல் வெளிவந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வண்டர்' என்பதில் ஆடுவோர் ஒருவரையொருவர் ஊடுருவிச் செல்வர், மோதல் இல்லை. மேலும் யோஷி, நாபிட் என்ற பாத்திரங்களைத் தேர்ந்துகொண்டால் பகைவர் தீண்டினாலும் ஊறு நேராது. படமும் பாட்டும் ஏறக்குறைய ஒரே வகையாயினும், ஒரு விதி மாறியதனால் குழந்தைக்கும் தாய்க்கும் இடையே நிகழ்வது முற்றிலும் வேறாகிறது.

2012-இல் வெளிவந்த 'ஜர்னி' என்ற விளையாட்டை உருவாக்கிய ஜெனோவா சென் இதனைத் தம் அனுபவத்தில் கண்டார். பாலைவனத்தில் இரு பயணிகள் சேர்ந்து நடப்பதே அவ்விளையாட்டு. தொடக்க வடிவத்தில் உடல்கள் மோதும்படி அமைத்திருந்தபோது, தடைகளைக் கடக்க ஆடுவோர் ஒருவருக்கொருவர் உதவுவர் என்று எதிர்பார்க்கப்பட்டது. அவர்களோ ஒருவரையொருவர் தள்ளி விளையாடினர். அறிவுரை எதுவும் எழுதி வைக்கப்படவில்லை. மோதும் விதி நீக்கப்பட்டது. தள்ள இயலாமற் போனவுடன், அருகில் இருப்பதே இன்பமாயிற்று.

மற்றொரு விஷயம், பின்தங்கும் குழந்தைக்கு நேர்வது என்ன என்பது. 2005-இல் தொடங்கிய லெகோ ஸ்டார் வார்ஸ் விளையாட்டுக்கள் பல குடும்பங்களில் விரும்பப்பட்டமைக்குக் காரணம், இரண்டாமவர் எப்போது வேண்டுமாயினும் சேரவும் விலகவும் முடிந்தது என்பதே. பாத்திரம் அடிபட்டு வீழ்ந்தாலும் சில காசுகள் சிதறுமேயன்றி, மறுகணமே அது எழுந்து நிற்கும். ஆயினும் அவற்றில் ஒரு குறை இருந்தது. இருவரும் ஒரே திரைக்குள் அடங்க வேண்டியிருந்ததால், தந்தை முன்னே போக, குழந்தை பூவைப் பார்த்து நிற்க, இருவரும் திரையின் விளிம்புகளில் கயிறிழுப்பதுபோல் சிக்கிக்கொள்வர். 2009-இல் வெளிவந்த 'லெகோ இந்தியானா ஜோன்ஸ் 2' முதல், இருவரும் விலகிச் செல்லும்போது திரை தானே இரண்டாகப் பிரிந்து, நெருங்கும்போது ஒன்றாகும் முறை புகுத்தப்பட்டது. குழந்தை தன் விருப்பப்படி நிற்கலாம். எவரும் அதனை இழுத்துச் செல்வதில்லை.

இவ்விரு விஷயங்களையும் அறிய நூலும் விமர்சனமும் தேவையில்லை. பெரியவர் முதலில் தனியே கால்மணி நேரம் அவ்விளையாட்டை ஆடிப் பார்க்க வேண்டும். அதுவும் வேண்டுமென்றே மோசமாக ஆட வேண்டும். பள்ளத்தில் விழுந்து பார்க்கலாம். கண்ட்ரோலர் என்று வழங்கும் விசைக்கருவிகளில் இரண்டாவதைத் தரையில் வைத்துவிட்டு, அதற்குரிய பாத்திரம் அசையாது நின்றால் என்ன நிகழ்கிறது என்று நோக்கலாம். திரை அதனை விட்டுவிட்டுப் போகிறதா, காத்திருக்கிறதா, இருவருக்கும் சேர்த்துத் தோல்வி அறிவிக்கிறதா? கடிகாரம் ஓடுகிறதா? 2016-இல் வெளிவந்த 'ஓவர்குக்ட்' என்ற சமையற்கட்டு விளையாட்டு, டாய்ச்சின் வரையறைப்படி குறைவற்ற கூட்டுறவே. ஒருவர் நறுக்க, மற்றவர் வேகவைக்க, இருவரும் சேர்ந்தே வெல்ல வேண்டும். ஆனால் விநாடிகள் குறையக் குறையக் கட்டளைகள் பறக்கும், "வெங்காயம் எங்கே?" என்று பெரியவர் குரல் உயரும். ஐந்து வயதுக் குழந்தைக்கு அது ஏற்றதன்று.

திறமையில் சமமில்லாத இருவருக்குச் சமமில்லாத வேலையைக் கொடுப்பதே இதுவரை கண்ட வழிகளுள் சிறந்தது எனலாம். 'சூப்பர் மாரியோ கேலக்ஸி' என்ற 2007-ஆம் ஆண்டு விளையாட்டில், முதலாமவர் ஓடிக் குதித்து அபாயங்களைக் கடக்க, இரண்டாமவர் திரையை நோக்கிக் கருவியை நீட்டி விண்மீன் துணுக்குகளைச் சேகரிப்பார். சில பகைவரை அசையாது பிடித்து வைக்கவும் அவரால் இயலும். அவர் தோற்பதே இல்லை. 2017-இல் வெளிவந்த 'சூப்பர் மாரியோ ஒடிசி'யில் இரண்டாமவர் மாரியோவின் தொப்பியாகப் பறந்து சென்று காசுகளைத் திரட்டுவார். வேலை சிறிதாயினும் மெய்யானது. அதனைச் செய்தால் விளையாட்டில் மாற்றம் நிகழ்கிறது.

இவ்விடத்தில் வீடுகளில் வழங்கும் ஒரு தந்திரத்தையும் கூற வேண்டும். தொந்தரவு செய்யும் இளைய குழந்தையின் கையில், பொறியுடன் இணைக்கப்படாத கண்ட்ரோலரைக் கொடுத்து, அதுவும் ஆடுவதாக நம்பவைப்பது வழக்கம். சில நாள் இது பலிக்கும். பிறகு குழந்தை விரலை அழுத்தாமல் இருந்து பார்க்கும். அப்போதும் உருவம் ஓடுவதைக் காணும். தன் பங்கு பொய்யென்று அது அறியும் கணம் சிறியதன்று. தொப்பியாக இருப்பது, ஒன்றுமில்லாதிருப்பதைவிட எவ்வளவோ மேல்.

வயதுத் தரக் குறியீடுகளை மட்டும் நம்புவதும் தவறு. ஐரோப்பாவில் 2003 முதல் வழங்கும் பெகி குறியீடு, வன்முறை முதலியவை உண்டா என்பதைக் கூறுமேயன்றி, விளையாட்டு எளிதா கடினமா என்பதைக் கூறாது. மறுபுறம், குறியீட்டைப் பாராமல் 'கூட்டுறவு' என்ற சொல்லை மட்டும் பார்ப்போரும் ஏமாறுவர். 2021-இல் பெரும் புகழ் பெற்ற 'இட் டேக்ஸ் டூ' இருவரின்றி ஆடவே இயலாத விளையாட்டு. ஆனால் அதன் கதை மணவிலக்கை நாடும் பெற்றோரின் சச்சரவைப் பற்றியது.

மேற்கூறியவற்றுள் பல, விலை மிகுந்த தனிப் பொறிகளில் ஆடுபவை. நம் நாட்டின் பெரும்பாலான வீடுகளில் இருப்பதோ ஒரே கைபேசி. அதில் இருவர் ஆடுவது எவ்வாறு? ஸ்வீடனின் டோக்கா போக்கா நிறுவனம் 2011-இல் வெளியிட்ட 'டோக்கா டீ பார்ட்டி' ஒரு வழியைக் காட்டியது. அகன்ற திரையுள்ள பலகைக் கணினியைத் தரையில் படுக்க வைத்தால் அதுவே தேநீர் மேசையாகிவிடும். சுற்றி அமர்ந்து, படத்திலுள்ள கோப்பைகளை நிரப்பி, பொம்மைகளுக்கும் பாட்டிக்கும் உபசாரம் செய்யலாம். வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. திரையைக் கையில் ஏந்தினால் அது ஒருவருக்குரியது. தரையில் வைத்தால் பலருக்குரியது. இச்சிறு மாற்றத்தை வேறு பல விளையாட்டுக்களிலும் செய்து பார்க்கலாம்.

தனி ஒருவருக்கென்று அமைந்த விளையாட்டையும் இருவருடையதாக்க முடியும். 2014-இல் வெளிவந்த 'மான்யுமென்ட் வேலி'யில், கண்ணை ஏமாற்றும் கட்டடங்களினூடே ஐடா என்னும் பெண் நடந்து செல்கிறாள். ஒரு தூணைச் சுழற்றினால், பிரிந்திருந்த இரு பாதைகள் ஒட்டியதுபோல் தோன்றும். தோன்றியதும் உண்மையாகவே ஒட்டிவிடும். கடிகாரம் இல்லை, அவசரம் இல்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, விரல் பெரியவருடையதாகவும் முடிவு குழந்தையுடையதாகவும் பிரித்துக்கொள்ளலாம். "இப்போது எங்கே போகலாம்?" என்ற வினா அங்கே இயல்பாக எழுகிறது. விடை தவறாயினும் அவ்வழியே சென்று பார்ப்பது அவசியம். பெரியவருக்கு விடை தெரிந்துவிட்டால் மௌனமாக இருப்பதே கடினமான பயிற்சி.

விலையின்றிக் கிடைக்கும் விளையாட்டுக்களைப் பற்றி எச்சரிக்கை தேவை. எப்போது கிடைக்கும் என்று அறிய முடியாத பரிசு, செயலை நிறுத்தவொட்டாது தொடரச் செய்யும் என்பதைப் புறாக்களைக் கொண்டு நடத்திய சோதனைகளால் பெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957-இல் வெளியிட்ட நூலில் விரிவாக விளக்கினர். திறக்கத் திறக்க வேறு வேறு பரிசு தரும் பெட்டிகள் இத்தத்துவத்தின்மேல் எழுந்தவை. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுக்களை 2025-ஆம் ஆண்டின் மத்திய சட்டம் தடை செய்துள்ளது. குழந்தை விளையாட்டின் நடுவே குதிக்கும் விளம்பரமும் "வாங்குக" என்னும் பொத்தானும் அதனின் வேறானவை. இணைய இணைப்பைத் துண்டித்த பின்னும் ஆடக்கூடிய விளையாட்டையே தேர்ந்தெடுக்குமாறு பெற்றோருக்குக் கூறலாம்.

சேர்ந்தாடுவதால் விளையும் நன்மையை மிகைப்படுத்தலாகாது. 2011-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வயதுக்கேற்ற விளையாட்டுக்களைப் பெற்றோருடன் ஆடிய சிறுமியரிடம் குடும்பப் பிணைப்பு மிகுந்து காணப்பட்டது. சிறுவரிடம் அத்தொடர்பு காணப்படவில்லை. ஆய்வில் பங்கு கொண்டோர் 11 வயதுக்கு மேற்பட்டோர். மேலும், பிணைப்பு மிகுந்த குடும்பத்தார்தாம் சேர்ந்து ஆடுகின்றனரோ, ஆடுவதால் பிணைப்பு மிகுகிறதோ என்பதை இத்தகைய ஆய்வு தீர்த்துவைக்காது.

எஞ்சியிருப்பது நிறுத்தும் நேரம். "இன்னும் 5 நிமிஷம்" என்பது கடிகாரம் பார்க்கத் தெரியாத குழந்தைக்குப் பொருளற்ற சொல். "இக்கட்டடத்தைக் கடந்ததும்" என்பது விளங்கும். அத்தியாயங்களாகப் பிரிந்த விளையாட்டில் இது எளிது. முடிவே இல்லாத 'மைன்கிராப்ட்' போன்றவற்றில் முடிவைப் பெரியவரே அமைக்க வேண்டும். அதில் அமைதி நிலை என்றோர் ஏற்பாடு உண்டு. அதனைத் தேர்ந்தால் பகை விலங்குகள் தோன்றா, பசியும் வாட்டாது. இருவரும் கட்டை அடுக்கி வீடு கட்டலாம். பொழுது சாயும், கட்டிலில் படுத்தால் இரவு கழியும். ஒருவர் மட்டும் படுத்தால் கழியாது. இருவரும் படுத்தாக வேண்டும். கூரை வேய்ந்து முடித்து, இரு கட்டில்களிலும் இருவரும் படுத்தபின் கருவியை அணைப்பது, விளையாட்டின் நடுவே பறிப்பது ஆகாது.