இழுவை வண்டிக்கு ஏற்ற டயர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பிக்கப் என்னும் மோட்டார் வண்டி உழவனுக்கும் தச்சனுக்கும் குதிரை வளர்ப்போனுக்கும் வலக்கை போன்றது. முன்னே ஐவர் இருந்து செல்லத்தக்க அறையும், பின்னே மேல்மூடாத பாரத் தட்டும் உடைய இவ்வண்டிகளுள் வலிமை மிக்க வகையொன்று உண்டு. போர்டு எப்-250, ராம் 2500, செவர்லே சில்வராடோ 2500 எச்.டி. என்பன அவ்வகையைச் சார்ந்தவை. இவை தம் தட்டில் பாரம் ஏற்றுவதோடு அமையாமல், டிரெயிலர் எனப்படும் பின்வண்டியையும் பூட்டி இழுப்பவை. ஆறு குதிரைகள் நிற்கும் டிரெயிலரையோ, சமையலறையும் படுக்கையறையும் அமைந்த வீட்டு டிரெயிலரையோ இழுத்துக்கொண்டு, மணிக்கு 65 மைல் விரைவில் பெருவழியே ஒரு குடும்பம் செல்லுதல் அந்நாட்டில் அன்றாடக் காட்சியாகும்.

இத்தகைய வண்டியை விலைக்கு வாங்குவோர், இயந்திரத்தின் ஆற்றலைப் பற்றிப் பல நாள் ஆராய்வர். டயர் வாங்கும் நாளிலோ, கடையில் அடுக்கியிருப்பனவற்றுள் முகம் அழகிதாகத் தோன்றுவதைச் சுட்டி, ‘இதனை மாட்டுக’ எனக் கூறிவிடுவர். இழுக்கும் வண்டிக்கு டயர் தெரிந்தெடுக்கும் முறை அதுவன்று. டயரின் விலாவில் எழுதியுள்ள எண்களையும், வண்டியின் பின் அச்சு உண்மையில் தாங்கும் எடையையும் ஒருங்கு வைத்து நோக்கியே அதனைத் தெரிதல் வேண்டும் என்பதனை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

முதற்கண், பாரத்தைச் சுமப்பது யாது? இரப்பர் என்பர் பலர். அஃது உண்மையன்று. சுமப்பது காற்றே, இரப்பரும் அதனுட் பொதிந்த நூலும் எஃகுக் கம்பியும் அக்காற்றை அடைத்து வைக்கும் பை மாத்திரமே. 1888-ஆம் ஆண்டில் பெல்பாஸ்டு நகரத்துக் கால்நடை மருத்துவராகிய டன்லப் என்பார் தம் மகனுடைய முச்சக்கர வண்டிக்குக் காற்றடைத்த குழாயைச் சுற்றிய நாள் முதல் இவ்வுண்மை மாறவில்லை. ஒரு டயர் 3,000 இராத்தல் பாரத்தைத் தாங்குகின்றது என்றும், அதனுட் காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 75 இராத்தல் என்றும் கொள்வோம். பௌதிகம் பயிலும் மாணவர் உடனே வகுத்துப் பார்ப்பர்: தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 40 சதுர அங்குலம். அஃதாவது, ஒரு சிறு நூலின் ஒரு பக்கத்தளவு. காற்றுக் குறைந்தால் அப்பரப்பு விரிந்தாக வேண்டும்; பரப்பு விரிய வேண்டுமாயின் டயர் நசுங்கியாக வேண்டும். கேடு அங்கேதான் தொடங்குகின்றது.

இனி விலாவில் உள்ள எழுத்துக்களைப் படிப்போம். மேற்கூறிய வண்டிகளிற் பயிலும் ஓர் அளவு ‘எல்.டி. 275/70 ஆர் 18’ என்பது. 275 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது விலாவின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதனைக் குறிக்கும். ஆர் என்பது ரேடியல் என்னும் அமைப்பு. 18 என்பது உட்சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில். இவற்றைப் பெரும்பாலோர் அறிவர். இவற்றினும் முதன்மையானது இவற்றை அடுத்து வரும் ‘125/122 எஸ்’ என்பது. 125 என்பது பாரக் குறியெண். அட்டவணையிற் பார்த்தால் 1,650 கிலோகிராம், அஃதாவது ஏறத்தாழ 3,640 இராத்தல் என்பது விளங்கும். டயர் தனித்து நிற்கும்போது தாங்கக்கூடிய உச்ச பாரம் அது. 122 என்பது இரண்டு டயர்கள் இணைந்து நிற்கும்போது ஒவ்வொன்றும் தாங்குவது, 1,500 கிலோகிராம். எஸ் என்பது மணிக்கு 112 மைல் வரை விரைவு தாங்கும் என்பதன் குறி. இழுக்கும் வண்டி அவ்விரைவை ஒருநாளும் நாடலாகாது ஆதலின், அவ்வெழுத்தைப் பற்றி நாம் மிகக் கவலுறுவதில்லை.

மற்றோர் எழுத்தும் உண்டு. பார வரிசை என்று அதற்குப் பெயர். சி, டி, ஈ, எப் என ஏறிச் செல்லும். ஈ என்றால் ‘பத்து அடுக்கு’ என்று கடைக்காரர் கூறுவர். டயரை அறுத்துப் பார்த்தால் பத்து அடுக்கு ஒன்றும் இராது. பருத்தி நூலால் டயர் நெய்த பழங்காலத்தில் பத்து அடுக்கு கொடுத்த வலிமையை, இக்காலத்துப் பாலியெஸ்டர் நூலும் எஃகுப் பட்டையும் இரண்டு மூன்று அடுக்குகளிலேயே கொடுத்துவிடுகின்றன. பெயர் மட்டும் பழையபடி நிற்கின்றது. ஈ வரிசை டயர் தன் உச்ச பாரத்தைத் தாங்கப் பொதுவாக 80 இராத்தல் அழுத்தம் வேண்டும். 50 இராத்தலே அடைத்தால், அதே டயர் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு பாரத்துக்கே தகுதியுடையதாகும். வலிய டயர் வாங்கிவிட்டோம் என்று இறுமாந்து காற்றைக் குறைத்து ஓட்டுவோன், கொடுத்த பணத்தில் நாலிலொரு பங்கைக் காற்றிலே விட்டவனாவான்.

பின் அச்சின் எடையை அறிவது எங்ஙனம்? டிரெயிலரின் முழு எடையும் இழுக்கும் வண்டியின்மீது விழுவதில்லை. முன்நுனியின் பாரமே விழும். வண்டியின் பின்புறத்துக் குண்டிற் பூட்டும் டிரெயிலராயின், அதன் எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை நுனிப்பாரம் இருத்தல் வேண்டும் என்பது பொது விதி. அதனிற் குறைந்தால் டிரெயிலர் பாம்புபோல் நெளியத் தொடங்கும். 10,000 இராத்தல் டிரெயிலருக்கு நுனிப்பாரம் 1,200 எனக் கொள்வோம். பின் அச்சில் ஏறுவது 1,200 அன்று, அதனினும் மிகுதி. குண்டு அச்சுக்குப் பின்னே ஏறத்தாழ 60 அங்குலம் தள்ளியிருக்கின்றது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 160 அங்குலம். ஏற்றக்கோலின் ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை எழுவதுபோல, முன் அச்சிலிருந்து 450 இராத்தல் தூக்கப்பட்டுப் பின் அச்சில் வந்து சேரும். ஆகப் பின் அச்சு கூடுதலாகச் சுமப்பது 1,650 இராத்தல். பாரத்தை முன்னோக்கித் திருப்பும் எஃகுக் கோல்கள் பூட்டினால் இதில் ஒரு பகுதி மீண்டும் முன்னே செல்லும்.

தட்டின் நடுவே, பின் அச்சுக்கு மேலாகப் பூட்டுவது மற்றொரு வகை. ஐந்தாஞ் சக்கரப் பூட்டு என்பர். அங்கே நுனிப்பாரம் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபத்தைந்து வரை செல்லும். 12,000 இராத்தல் வீட்டு டிரெயிலர் ஒன்று நூற்றுக்கு இருபது விழுக்காடு அழுத்தினால் 2,400. வெறும் வண்டியின் பின் அச்சு 3,000 இராத்தல் என்றும், பூட்டு, கருவிகள், பின்னிருக்கையில் அமர்ந்த பிள்ளைகள் ஆகியன சேர்ந்து 600 என்றும் வைத்துக்கொண்டால் மொத்தம் 6,000. டயர் ஒன்றுக்கு 3,000. இவையெல்லாம் காகிதக் கணக்கே. அந்நாட்டில் லாரிகள் தங்கும் இடங்களில் தராசு மேடைகள் உள்ளன. அச்சு அச்சாக நிறுத்துச் சீட்டுக் கொடுப்பர். பூட்டிய டிரெயிலரோடும் ஏறிய ஆட்களோடும் ஒருமுறை அங்கே நிறுத்திப் பார்ப்பது ஆயிரம் ஊகத்தினும் மேலானது.

இப்பொழுது டயர்களை ஒப்பிடுவோம். 125 குறியெண்ணுடைய டயர் 3,640 தாங்கும், தேவை 3,000, அறுநூற்றுக்கு மேல் மிச்சம். எல்.டி. 245/75 ஆர் 17 என்னும் சிறிய அளவில் 121 குறியெண் உண்டு. அது 3,195 இராத்தல். இதுவும் தாங்கும்; ஆயின் மிச்சம் இருநூறும் இல்லை. தேவைக்கு மேல் நூற்றுக்குப் பதினைந்தேனும் மிச்சம் இருத்தல் நன்று என்பது எம் கருத்து. சாலையின் வளைவிலும் பள்ளத்திலும் ஒருபக்கத்து டயர் மற்றதனினும் மிகுதியாகச் சுமக்கும் அன்றோ? மூன்றாவதாக, உந்து கார்களுக்குச் செய்த ‘பி’ வகை டயர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் குறியெண் 116 ஆனால் 2,756 இராத்தல். அதனைப் பார வண்டியில் மாட்டினால் எழுதிய பாரத்தை 1.10-ஆல் வகுத்தே கொள்ளல் வேண்டும் என்பது அந்நாட்டு விதி. வகுத்தால் 2,505. இரண்டு டயர்க்கும் 5,010. அச்சின் பாரமோ 6,000. சவாரி மெத்தென்றிருக்கும் என்று கடைக்காரர் கூறுவது உண்மைதான். மெத்தென்றிருப்பதற்குக் காரணம் அதன் விலா மெலிந்திருப்பதே.

ஒரு தடை ஈண்டு எழும். வலிய டயர் மாட்டினால் வண்டியின் சுமைத் திறன் கூடுமோ எனின், கூடாது. சாரதியின் பக்கத்துக் கதவு நிலையில் ஒட்டியுள்ள சீட்டில் ஒவ்வோர் அச்சின் எல்லையும் வண்டி முழுமையின் எல்லையும் எழுதப்பட்டுள்ளன. டயர், சக்கரம், அச்சு, வில் ஆகியவற்றுள் எது மிகக் குறைந்ததோ அதுவே எல்லை. 80 இராத்தல் அழுத்தத்தைத் தாங்காத அலங்காரச் சக்கரத்தில் ஈ வரிசை டயரை மாட்டுவதும் வீணே.

டயரைக் கொல்வது வெம்மை. ஒவ்வொரு சுற்றிலும் விலா ஒருமுறை மடிந்து நிமிர்கின்றது. மடிந்து நிமிரும் இரப்பர் தான் வாங்கிய ஆற்றலில் ஒரு பகுதியை வெப்பமாக விடுகின்றது. காற்றுக் குறைந்தோ பாரம் மிகுந்தோ விரைவு கூடியோ போனால் மடிப்பும் மிகும், வெப்பமும் மிகும். முடிவில் எஃகுப் பட்டை இரப்பரினின்று விலக, மேற்றோல் உரிந்து பறக்கும். 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பயர்ஸ்டோன் நிறுவனம் சுமார் 65 இலட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அவற்றுட் பல போர்டு எக்ஸ்ப்ளோரர் என்னும் குடும்ப வண்டிகளில் ஓடியவை. மேற்றோல் உரிந்து வண்டி புரண்டமையால் அமெரிக்காவில் மாண்டோர் 250-க்கு மேற்பட்டவர். டயரின் குற்றமா, வண்டியின் குற்றமா என்று இரு நிறுவனங்களும் ஒன்றையொன்று பழித்தன. போர்டு நிறுவனம் குறித்திருந்த அழுத்தம் 26 இராத்தலே என்பது அவ்வழக்காடலில் பெரிதும் பேசப்பட்டது. அவ்வாண்டின் நவம்பரில் ஒரு சட்டம் பிறந்தது. அதன் வழியே, காற்றுக் குறைந்தால் விளக்கேற்றி எச்சரிக்கும் கருவி புதிய வண்டிகளுக்குக் கட்டாயமாயிற்று.

ஆயினும் அவ்விளக்கை நம்பியிருத்தல் கூடாது. அவ்விதி 10,000 இராத்தலுக்கு மேற்பட்ட எல்லையுடைய வண்டிகளைக் கட்டுப்படுத்தாது. இழுக்கும் பெரும் பிக்கப்புகளிற் பல அவ்வெல்லையைக் கடந்தவை. செய்வோர் தாமே மனமுவந்து கருவி பொருத்தினாலன்றி இல்லை. பொருத்தியிருப்பினும், குறித்த அழுத்தத்தில் நூற்றுக்கு இருபத்தைந்து குறைந்த பின்னரே விளக்கேற்றுதல் அவ்விதியின் அளவு. 80 வேண்டிய இடத்தில் 60 ஆகும்வரை விளக்கு உறங்கும் என்க. ஆகவே புறப்படுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது, கையளவுமானியால் அளந்து பார்த்தலே முறை. ஓடிச் சூடேறிய டயரில் அழுத்தம் உயர்ந்து காணும். அதனைக் கண்டு அஞ்சிக் காற்றை வெளிவிடலாகாது. டிரெயிலரைக் கழற்றிவிட்டு வெறும் வண்டியாக ஓட்டும் நாட்களில் கதவுச் சீட்டிற் கூறிய அளவுக்கு அழுத்தத்தைக் குறைக்கலாம். அன்றேல் முதுகெலும்பு முறையிடும்.

டயரின் முகத்தைப் பற்றிச் சில சொல்லி அமைவோம். சேற்றுக்கென்று செய்த டயர், ஆழ்ந்த பிளவுகளும் உயர்ந்த கட்டைகளும் உடையது. பாரம் இழுக்கும்போது அக்கட்டைகள் ஒவ்வொன்றும் சற்றே சாயும். ஆயிரம் சாய்வுகள் கூடி, வண்டியின் பின்புறம் மிதப்பதுபோன்ற உணர்ச்சி தரும். வெப்பமும் இரைச்சலும் எண்ணெய்ச் செலவும் மிகும். பெருவழியே செல்வோர்க்கு, வரிவரியாக ஓடும் நெடுஞ்சாலை முகமே தக்கது. புல்வெளிச் சந்தையிலும் ஏரிக்கரைச் சரிவிலும் டிரெயிலரைத் திருப்ப வேண்டியவர்க்கு, எல்லா நிலத்துக்கும் உரிய நடுத்தர முகம் பொருந்தும். பனி மிகும் மாநிலத்தார் மும்மலைச் சிகரத்துள் பனித்துகள் பொறித்த முத்திரை உள்ளதா என்று பார்த்துக்கொள்க. தோற்றத்தின் பொருட்டு மிகப் பெரிய விட்டமுள்ள டயர் மாட்டுவோர்க்கு ஒன்று கூறுவோம்: விட்டம் கூடினால் சக்கரத்தின் இழுவிசை குறையும்; ஏற்றத்தில் இயந்திரம் திணறும்.

பின் அச்சில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு டயர் பூண்ட வண்டிகளில் வேறொரு தொல்லை உண்டு. உள்ளே மறைந்திருக்கும் டயரை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அதிற் காற்றிறங்கினால், அருகிலுள்ளது வாய் பேசாது இருவர் பாரத்தையும் சுமந்து, சில நூறு மைல்களில் தானும் வீழும். தேய்ந்த ஒன்றையும் புதிய ஒன்றையும் இணைத்தாலும் உயரமுள்ளதே பாரத்தை ஏற்கும். ஆகவே ஓரிணையை ஒருங்கே மாற்றுதல் தகும்.

வாங்குமுன் கடைசியாகப் பார்க்க வேண்டுவது பிறந்த நாள். விலாவில் டி.ஓ.டி. என்னும் எழுத்துக்களுக்குப் பின் வரும் தொடரின் இறுதி நான்கு இலக்கங்களில் அது காணும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்திற் பிறந்தது. ஆறாண்டு கடந்தவற்றை மாற்றுக எனப் பல வண்டி நிறுவனத்தார் கூறுகின்றனர். முகம் தேயாதிருப்பினும் பத்தாண்டுக்கு மேல் எதனையும் வைத்திருத்தல் ஆகாது. ஆண்டில் பத்து மாதம் கொட்டிலில் நின்று இரண்டு மாதமே ஓடும் டிரெயிலரின் டயர்களில் இதனை மிகவும் கருதிப் பார்க்க வேண்டும். அவை தேய்ந்து சாவதில்லை; வெயிலிலும் நிலையிலும் உலர்ந்து, புதியன போன்ற முகத்தோடே வெடிக்கும். அவற்றுக்கென எஸ்.டி. என்னும் தனி வகை உண்டு. அவ்வகையிற் பலவற்றுக்கு, விலாவில் வேறு குறியில்லையேல், 65 மைலே விரைவின் எல்லை.