சுரங்க வண்டிகளில் மின்கலத் தீ

நிலத்தடியில் பணிபுரிவோர்க்குத் தூய காற்றே உயிர். டீசல் எஞ்சின் புகை புற்றுநோய் விளைவிப்பது எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2012-ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது. அப்புகையினின்று தொழிலாளரைக் காக்கும் பொருட்டுச் சுரங்கங்களில் மின்கல வண்டிகள் புகுந்துள்ளன. கனடாவின் ஒண்டேரியோ மாநிலத்தில் 2019-இல் உற்பத்தி தொடங்கிய போர்டன் தங்கச் சுரங்கம் இத்தகைய வண்டிகளுக்கெனவே திட்டமிடப்பட்டது. எனினும், புகை நீங்கிய இடத்தில் புதுவகைத் தீ ஒன்று எழக்கூடும். அதன் தன்மையை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

காற்றை மறைத்தால் போதுமா?

எரியும் மெழுகுவத்தியைக் கண்ணாடிக் குவளையால் மூடினால் அது சிறிது நேரத்தில் அணைகிறது. பிராணவாயு குறைந்துவிடுவதே காரணம். லித்தியம்-அயனி மின்கலத்தின் நிலை வேறு. நசுங்குதல், மிகை மின்னேற்றம், உட்குறை ஆகியவற்றால் ஒரு கலம் சூடேறினால், அதனுள் நிகழும் ரசாயன வினைகளே மேலும் வெப்பத்தைப் பிறப்பிக்கின்றன. இரு முனைகளையும் பிரித்து நிற்கும் பாலிஎதிலீன் படலம் ஏறத்தாழ 130 டிகிரி சென்டிகிரேடில் உருகுகிறது. வெப்பம் மேலும் உயர்ந்தால், நிக்கலும் கோபால்ட்டும் கலந்த நேர்முனைப் பொருள் தானே பிராணவாயுவை வெளியிடுகிறது. ஹைட்ரஜன், கார்பன் மானாக்சைடு, ஹைட்ரஜன் புளோரைடு முதலிய வாயுக்கள் பீறிடுகின்றன. வெப்பம் கலத்திற்குக் கலம் பரவுகிறது. இரும்பு பாஸ்பேட் வகைக் கலங்கள் எளிதில் பிராணவாயுவை விடுவதில்லை. ஆயினும் எரியும் வாயுக்களை அவையும் வெளியிடும்.

2019 ஏப்ரலில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், மின்சாரம் சேமிக்கும் மின்கலக் கூடம் ஒன்றில் இத்தகைய வெப்பப் பெருக்கம் நேர்ந்தது. தீயணைப்பு வாயு தானே பாய்ந்தும் கலங்கள் குளிரவில்லை. தேங்கிய வாயுக்கள், கதவு திறக்கப்பட்டபின் வெடித்தன. தீயணைப்பு வீரர்கள் படுகாயமுற்றனர். தரைமேல் நிற்கும் கூடத்திலேயே இவ்வாறெனில், குறுகிய சுரங்கப் பாதையில் ஆபத்து மிகுதி என்பது தெளிவு.

குளிர்வித்தலே வழி

லித்தியம் உலோகம் நீருடன் வினைபுரியும் என மாணவர் கற்கின்றனர். ஆகையால் நீரை ஊற்றலாமா என்னும் ஐயம் எழுவது இயல்பே. இம்மின்கலங்களில் லித்தியம் பெரும்பாலும் சேர்மங்களாகவே உள்ளது. கொதிநிலையிலுள்ள ஒரு கிராம் நீர் ஆவியாகுங்கால் ஏறக்குறைய 540 கலோரி வெப்பத்தைக் கவர்கிறது. ஆதலின் நீரே சிறந்தது. ஆனால் உறுதியான உறை, நீரை உட்புக விடாது தடுக்கிறது. எனவே பெருமளவு நீரை நெடுநேரம் பாய்ச்ச நேரிடும். சுடர் மறைந்தபின், மணிக்கணக்கிலோ நாட்கணக்கிலோ கழித்தும் தீ மீண்டும் மூளலாம். தொகுதியைத் தனித்து வைத்து வெப்பத்தை அளந்துவருதல் வேண்டும்.

மின்னேற்றும் இடத்தின் காற்று, பணியிடங்கள் வழியே செல்லாது நேரே வெளியேறும் பாதையைச் சேருமாறு அமைத்தல் நன்று. சீறொலி, வெண்புகை, மாறுபட்ட நெடி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், பணியாளர் உடனே அறிவித்து, பிராணவாயு தரும் சுயமீட்புக் கருவியை அணிந்து, புதுக்காற்று வரும் திசை நோக்கி விலகுதல் வேண்டும். தீயை அணைத்தல் பயிற்சி பெற்ற மீட்புக் குழுவின் கடமை. உரிய நேரத்தில் விலகுதல் ஏனையோரின் கடமை.