நடுக்கமும் நடனமும்

நடுக்குவாதத்தை 1817-ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் சேம்சு பார்க்கின்சன் ஆறு நோயாளரைக் கொண்டு விளக்கி எழுதினார். அவருள் சிலர் தெருவில் அவருக்கு எதிர்ப்பட்டவரே. மூளையில் டோப்பமின் என்னும் பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் அழிவதால் கை நடுங்கும், நடை தளரும். மருந்து துன்பத்தைத் தணிக்குமேயன்றி நோயை அகற்றாது. தம் நடுக்கத்தைப் பிறர் நோக்குவர் என நாணி வீட்டினுள் முடங்குவோர் பலர்.

2001-ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரின் புரூக்ளின் பகுதியில், இந்நோயாளர் சங்கம் ஒன்று மார்க் மாரிசு நடனக் குழுவினரை அணுகித் தம்மவர்க்கு ஆடல் கற்பிக்குமாறு வேண்டிற்று. அவர்களும் இசைந்தனர். நாற்காலியில் அமர்ந்தவாறே கைகளை நீட்டி மடக்குவதில் வகுப்புத் தொடங்கும். இயன்றவர் பின்னர் எழுந்து ஆடுவர். நடக்கையில் கால் நிலத்தோடு ஒட்டினாற்போல் நின்றுவிடுதல் இந்நோயில் உண்டு. அவ்வாறு நின்ற காலும், வியப்பன்றோ, தாளம் கேட்டதும் பெயர்வதுண்டு. உடன்வந்த மனைவியும் கணவனும் அருகில் நின்று தாமும் ஆடுவர்.