தாய்ப்பாசமும் காதலும் மூளைக்கு ஒன்றா?

கைக்குழந்தை அழுததும் தாய்க்குப் பால் கசிகிறதே, ஏன்? அழுகுரல் காதில் விழுந்ததுமே பிட்யூட்டரி சுரப்பி ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. அது மார்பில் பால் சுரக்கும் பைகளைச் சுற்றியுள்ள நுண்தசைகளைச் சுருக்கிப் பாலை வெளியே தள்ளுகிறது. இதே ஆக்ஸிடோசினுக்குக் காதலிலும் பங்கு உண்டு.

எப்படித் தெரியும்? லண்டன் ஆய்வாளர்கள் ஆன்ட்ரியாஸ் பார்டெல்ஸும் செமிர் ஸெகியும் காதலில் இருப்பவர்களுக்கு அவரவர் துணையின் போட்டோவைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். முடிவு 2000-இல் வெளியானது. அடுத்து தாய்மார்களுக்கு அவரவர் பிள்ளையின் போட்டோவைக் காட்டினார்கள். அதன் முடிவு 2004-இல் வந்தது.

இரண்டு அன்பிலும் இன்பம் தரும் டோபமின் பகுதிகள் சுறுசுறுப்பாயின. ஆக்ஸிடோசினை ஏற்கும் இடங்கள் (ஏற்பிகள்) அங்கே நிறைய உண்டு. அதே சமயம் பிறரை எடைபோடும் பகுதிகள் அடங்கிப்போயின. காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சாகத் தெரிவதும், காதலுக்குக் கண்ணில்லை என்பதும் இதனால்தான் போலும்.

வேறுபாடும் உண்டு. பாலுணர்வோடு தொடர்புள்ள ஹைப்போதலாமஸ் காதலில் மட்டும் தூண்டப்பட்டது. நடுமூளையின் ஒரு பகுதியோ தாய்ப்பாசத்தில் மட்டும் விழித்தது.

அதற்காக ஆக்ஸிடோசினை மட்டும் ‘அன்பு ஹார்மோன்’ என்று கொண்டாட வேண்டாம். ஒரே துணையோடு வாழும் பிரெய்ரி வோல் எலிகளில், ஆக்ஸிடோசின் ஏற்பிக்கான மரபணுவை நீக்கிப் பார்த்தார்கள். அப்போதும் அவை துணையோடு ஒட்டிக்கொண்டன, குட்டிகளையும் வளர்த்தன என்று 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. அன்பை ஒரே ஒரு வேதிப்பொருளுக்குள் அடக்கிவிட முடியாது.