வயல் நீர்ப்பூச்சியின் வயிற்றில் என்ன இருக்கிறது?

முண்டியம்பாக்கம் பக்கம் நடவு வயலில் தண்ணீரை மொண்டு பார்த்தால் தட்டானின் இளம்பூச்சி, நீர்வண்டு, மல்லாந்து நீந்தும் பூச்சி எல்லாம் நெளியும். இவை எதைத் தின்கின்றன? வயிற்றைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

பிடித்த கையோடு பூச்சியை ஆல்கஹாலில் போட வேண்டும். தாமதித்தால் இரை செரித்துத் தடயம் கரைந்துவிடும். பிறகு குடலை உருவி, கண்ணாடித் தகட்டில் பிரித்து, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். தட்டான் இளம்பூச்சி மென்று விழுங்குவது. கொசுப்புழுவின் தலை ஓடு எளிதில் செரிக்காது என்பதால் குடலில் அடையாளம் தெரியும். மல்லாந்து நீந்தும் பூச்சியோ சாற்றை மட்டும் உறிஞ்சும். குடலில் துண்டு எதுவும் இராது. அதற்காகப் பட்டினி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இரையின் மரபணுவைத் தேடும் சோதனைதான் அங்கே கைகொடுக்கும்.

விழுப்புரம் மாவட்டத்துக்கு மூளைக்காய்ச்சல் புதிதல்ல. ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு நெல் வயலில் பெருகுவது. 1975-இல் புதுச்சேரியில் தொடங்கிய நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், வயல் கொசுக்களின் இயற்கை எதிரிகளையும் ஆராய்ந்திருக்கிறது.

தேவையில்லாமல் குருணை மருந்து இறைத்தால் இந்தக் காவலாட்களும் சாவார்கள். கொசு சில நாளில் திரும்பிவிடும். தட்டான் வளர வாரங்கள், சிலவற்றுக்கு மாதங்களே ஆகும். மருந்துக்கடைக்குப் போகுமுன் வெள்ளைக் கிண்ணத்தில் வயல் நீரை மொண்டு, யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.